மேல்வீட்டுக் குப்பைக்கூடை

"அக்கா, இந்தத் தடவை நான் தனியா ஒண்ணு செஞ்சு பாக்கலாம்னு இருக்கேன்" என்று சின்னவள் வந்து சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். "தாராளமா செய்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பினேன். அவள் மாடிப்படி ஏறிப் போன பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

சின்னவள் என் கொழுந்தனின் மனைவி. நாங்கள் கீழ்வீடு, அவர்கள் மேல்வீடு. நடுவில் பதினாறு படி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். பதினோரு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்களைப் பார்த்து ஏமாந்துதான் போவார்கள். அவள் வீட்டுக் கதவு பகலெல்லாம் ஒருக்களித்தே இருக்கும். நான் ஒற்றை விரலால் இரண்டு தட்டு தட்டினால் போதும், "வாங்கக்கா" என்ற குரல் வந்துவிடும்.

எங்களைச் சேர்த்து வைத்தது காகிதம். எங்கள் ஊர் நூலகத்தில் வருஷம் ஒருமுறை காகிதக் கைவினைப் போட்டி நடக்கும். காகிதமும் பசையும் மட்டும்தான் அனுமதி. கம்பி, குச்சி, நூல் எதுவும் கூடாது. முதல் பரிசு பெற்றதை நூலக வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வருஷம் வைத்திருப்பார்கள். பக்கத்தில் செய்தவரின் பெயர் எழுதிய அட்டை நிற்கும். போன வருஷம் அந்தப் பெட்டிக்குள் போனது ஒரு ரயில் நிலையம். அட்டையில் இருந்தது என் பெயர்.

அந்த அட்டை எனக்கு என்ன செய்தது என்று சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். பத்தொன்பது வருஷம் என் முதலாளி என்னை "பின்னாடி ஒரு அம்மா இருக்காங்க" என்றுதான் சொல்லி வந்தார். போன வருஷத்திலிருந்து வாடிக்கையாளர்களிடம், "லைப்ரரில ஒரு ஸ்டேஷன் இருக்கே, பாத்தீங்களா? அது இவங்க செஞ்சதுதான்" என்று சொல்ல ஆரம்பித்தார். அவர்களும் பின்னறைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். நான் வேலை மும்முரத்தில் கவனிக்காதவள் போலத் தலையைக் குனிந்துகொள்வேன். மனசுக்குள் அன்று முழுக்க ஊஞ்சல்தான்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படம் போடுவது, அளப்பது, மடிப்பது, ஒட்டி நிறுத்துவது இதெல்லாம் நான். வெட்டுவது சின்னவள். மடிப்பில் என்னை யாரும் அசைக்க முடியாது. பழைய ஸ்பூனின் முதுகால் ஒரு இழு இழுத்தேன் என்றால் காகிதம் சொன்ன பேச்சைக் கேட்கும். பால் ரசீதானாலும், கடைப் பில்லானாலும், சின்னவளுக்கு நான் எழுதி வைக்கும் துண்டுச் சீட்டானாலும் மூன்றாக மடித்து, ஓரத்து மூலையை உள்ளே செருகிப் பூட்டாமல் என் கை சும்மா இருக்காது. மூலையை முதலில் உருவாமல் பிரித்தால் சீட்டு கிழிந்துவிடும். என் வீட்டுக்காரர் நூறு தடவை கிழித்திருக்கிறார்.

ஆனால் கத்தி மட்டும் எனக்கு வசப்படவில்லை. நேர்கோடு வரும். மூலையில் நிற்காது. ஒரு மயிரிழை தாண்டிவிடும். நகத்தளவு ஜன்னலில் மயிரிழை என்பது பெரிய பள்ளம். சின்னவள் ஷிஃப்ட் முடித்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அத்தனை மூலையையும் மூலையாகவே வெட்டிக் கொடுப்பாள். போட்டி விண்ணப்பத்தின் நாலாவது வரி, "இது முழுக்க முழுக்க என் கையாலேயே செய்யப்பட்டது" என்று சொல்கிறது. அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். வெட்டுவதெல்லாம் ஒரு வேலையா, யோசனை நம்முடையதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "என் பேரெல்லாம் எதுக்குக்கா" என்று அவளும் சொன்னாள். அன்றைக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. தனியாகச் செய்யப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து அதே பேச்சு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. பேர் வேண்டாம் என்று சொல்கிறவளை எப்படி நம்புவது?

"அவ ஏதோ செய்றா, நீ ஏதோ செய். இதுல என்ன குடி முழுகிப் போச்சு?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போனது கீழே வந்தே தீரும் என்று நம்புகிறவர். அவரிடம் இதையெல்லாம் பேசிப் பயனில்லை.

இந்த வருஷம் நான் போட்டிருந்த படம் மழை பெய்யும் ஒரு தெரு. ஏழு வீடு, நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல். நாலே வகை ஜன்னல்தான்: மேலே வளைந்தது, நீளமானது, வட்டம், சதுரம். எல்லாவற்றையும் அரை மில்லிமீட்டர் பிசகாமல் ஒரு நோட்டில் போட்டு, மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். நோட்டின் முதுகு உள்பக்கம் பார்க்க வைப்பது என் வழக்கம். ஒருநாள் கடையிலிருந்து வந்து இழுப்பறையைத் திறந்தால் முதுகு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுச் சாவி ஒன்று மேல்வீட்டில் எப்போதும் இருக்கும். என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் அந்த இழுப்பறையைத் திறந்து நாலு வருஷம் ஆகிறதாம். நான் நோட்டை எடுத்து, ஜன்னல் பக்கத்தைத் திறந்து, விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தேன். லென்ஸில் கீறல் பார்ப்பது அப்படித்தான். ஒவ்வொரு கோட்டின் மேலும் மெல்லிய பள்ளம் ஓடியது. மேலே ஒரு தாளைப் போட்டு யாரோ அழுத்தி வரைந்து எடுத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து நான் மாடியைக் காதாலேயே பார்க்க ஆரம்பித்தேன். நாற்காலி நகர்ந்தால் உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். டக், டக் என்று ஸ்கேல் விழுந்தால் வெட்டுகிறாள். நடு நடுவே ஒரு நீண்ட அமைதி வரும். அதுதான் என்னைக் கொன்றது.

மேல்வீட்டு வாசலில், கடைசிப் படியை ஒட்டி, நீல நிறத்தில் ஒரு குப்பைக்கூடை இருக்கும். வேலைக்குப் போகும்போது அவசரமாக இருந்தால் கொட்டாமல் அப்படியே விட்டுப் போவாள். ஒரு வியாழக்கிழமை அவள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைக்கு அரை மணி லேட்டாக வருவதாகப் போன் செய்துவிட்டு, படியேறினேன். கடைசிப் படியில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு கோலம். ஆரஞ்சுத் தோல், டீத்தூள், முடிச்சுருள், மருந்துக் கவர். எல்லாவற்றுக்கும் அடியில் காகிதத் துண்டுகள்.

ஜன்னல் வெட்டும்போது உள்ளே இருந்து விழுகிற துண்டு, அந்த ஜன்னலின் அளவாகவேதான் இருக்கும். குப்பையைப் பார்த்தால் வீட்டைச் சொல்லிவிடலாம். காகித வேலை செய்கிறவர்களுக்கு இது பாலபாடம். நான் பொறுக்கி எடுத்தது நாலு துண்டு. வளைந்தது ஒன்று, நீளம் ஒன்று, வட்டம் ஒன்று, சதுரம் ஒன்று. லென்ஸ் போடும் கவரில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், அரை மில்லிமீட்டர் காட்டும் ஸ்கேலை வைத்து அளந்தேன். அகலம் பதினொன்று, உயரம் பதினெட்டு, வளைவு ஐந்தரை. என் தெருவின் ஜன்னல்கள்தான். சந்தேகமே இல்லை.

இரண்டு விஷயம் உறுத்தத்தான் செய்தது. துண்டுகள் சாம்பல் நிறத்தில், நோட்டு அட்டைக் கனத்தில் இருந்தன. அவ்வளவு கனத்தில் யாரும் வீட்டுச் சுவர் செய்ய மாட்டார்கள், மடிக்கவே வராது. அவளுக்கு மடிப்பு தெரியாது, வெட்டி வெட்டி ஒட்டுகிறாள் போல என்று பதில் சொல்லிக்கொண்டேன். அடுத்தது, நூற்றுப் பன்னிரண்டு ஜன்னலுக்கு நாலே துண்டுதானா? மீதியை எனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறாள் என்று முடிவு கட்டினேன். ஏனென்றால் என் குப்பையை நான் அப்படித்தான் கடைக்குக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தேன். மூலை தாண்டிப் பாழான தாள் மட்டும் ஒரு பை நிறைய இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளே இறங்கி வந்தாள். தோளில் துணிப்பை.

"அக்கா, அஞ்சு நிமிஷம் உள்ள வரட்டுமா? ஒண்ணு காட்டணும்."

நான் மேஜை மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு வந்துதான் கதவைத் திறந்திருந்தேன். அதுவும் பாதி. "தலைவலிம்மா. அப்புறம் பாக்கலாம்" என்றேன். அவள் கண் என் தோளைத் தாண்டிப் போர்வைக்குப் போய் வந்ததைக் கவனித்தேன். உளவு பார்க்க வந்திருக்கிறாள். காட்டுகிற சாக்கில் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் வந்தாள். அதே பை.

"உடம்பு சரியில்லையா அக்கா? முகமே சரியில்லையே."

"வேலை இருக்கு."

"நான் வேணா கொஞ்சம்..."

"வேண்டாம்" என்று கதவைச் சாத்தினேன். அவள் கொஞ்ச நேரம் வெளியே நின்றாள். பிறகு படியேறும் சத்தம் கேட்டது. பதினாறையும் எண்ணினேன்.

புதன்கிழமை மத்தியானம் முதலாளி சாப்பிடப் போன நேரம், கண்ணாடிப் பவர் சீட்டு அடிக்கிற பிரிண்டரில் ஒரு மொட்டைக் கடிதம் அடித்தேன். "மதிப்புக்குரிய நடுவர் அவர்களுக்கு. ஒரே முகவரியிலிருந்து இரண்டு படைப்புகள் வருகின்றன. மேல்வீட்டாருடையது கீழ்வீட்டாருடையதைத் திருட்டுத்தனமாகப் பார்த்து வெட்டப்பட்டது. விசாரித்து நீக்கவும். இப்படிக்கு, கலை ஆர்வலர்." கலை ஆர்வலர் என்பதை நாலு முறை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், பொதுநலம் விரும்பி, நியாயவாதி என்றெல்லாம். கையெழுத்து தெரியக்கூடாது. கடைக் கவர் கூடாது. கடையின் பெயர் அச்சடித்த மேல்பகுதியைக் கிழித்தேன். எல்லாவற்றையும் யோசித்து யோசித்துச் செய்தேன். மடித்துப் பூட்டி, வீட்டுக்குப் போகும் வழியில் நூலகத்தின் புகார்ப் பெட்டியில் போட்டேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஜன்னல்களை முடிக்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. தாண்டிய மூலைகள் தெரியாதபடி ஒவ்வொரு ஜன்னலுக்கும் உள்ளே மெல்லிய எண்ணெய்த் தாளை ஒட்டித் திரை போட்டேன். வெள்ளிக்கிழமை எழுந்து நின்று பார்த்தேன். ஏழு வீட்டிலும் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. எல்லா வீட்டிலும் திரைக்குப் பின்னால் யாரோ நின்று வேவு பார்ப்பது மாதிரி இருந்தது என் தெரு.

சனிக்கிழமை காலை படைப்புகளை ஒப்படைத்த கையோடு எங்கள் இருவரையும் நூலகத்தின் படிப்பறைக்குக் கூப்பிட்டார்கள். நடுவர் ஒரு ஓவிய மாஸ்டர். கூட நூலகர் அம்மா. மேஜை மேல் என் தெரு. பக்கத்தில் துணி போட்டு மூடிய அவளுடையது.

"ஒரு புகார் வந்திருக்கு" என்றார் மாஸ்டர். "ரெண்டு பேருதும் ஒரே வேலைன்னு. பாத்துடலாம்."

சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாருக்கா இந்த வேலையைப் பாத்தது?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

துணியை எடுத்தார்கள்.

அது ஒரு மருந்துத் தள்ளுவண்டி. இரண்டு தட்டு, நாலு சக்கரம். மேல்தட்டில் விரல்நுனியளவு சீசாக்கள், ஒவ்வொன்றுக்கும் லேபிள். டம்ளரில் சாய்ந்து நின்ற தெர்மாமீட்டர். பாதி அவிழ்ந்த பேண்டேஜ் சுருள். பக்கவாட்டில் தொங்கும் கேஸ் சீட்டு. ஒரு சக்கரம் மட்டும் லேசாகக் கோணியிருந்தது. "எங்க வார்டு வண்டி ஒண்ணு கிறீச்கிறீச்னு உயிரை வாங்குதுக்கா" என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லி வந்த அதே வண்டி. அதில் என் தெரு இல்லை. ஒரு ஜன்னல்கூட இல்லை. நான் எங்குமே இல்லை. அவளுக்கென்று ஒரு உலகம் இருந்தது, அதில் என்னைத் திருடுவதற்கு அவசியமே இல்லை.

"காப்பி ஒண்ணும் இல்லையே" என்றார் மாஸ்டர். அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் தெருப் பக்கம் குனிந்தார். அந்தக் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்தியதே நான்தான். அது இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கவில்லை.

"ஏம்மா, எல்லா ஜன்னலுக்கும் திரை?"

"மழை சார்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒரு குண்டூசியால் ஒரு திரையை நெம்பித் தூக்கினார். "போன வருஷ ஸ்டேஷன்ல கம்பியழி அத்தனையும் சுத்தமா இருந்துது. இதுல மூலைக்கு மூலை கோடு தாண்டியிருக்கு. ரெண்டும் ஒரே கைதானா?" என்று நூலகர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "நாலாவது வரின்னு ஒண்ணு இருக்கு. அது பொய்னா போன வருஷப் பரிசும் போயிடும். ஒரே வீடுங்கிறீங்க. ஆளுக்கொரு ஜன்னல் இங்கேயே வெட்டிக் காட்டிடுங்க. யாருக்கும் பேச்சில்லாம போயிடும்."

சின்னவள் மூச்சைப் பிடித்தாள், வெட்டினாள், வைத்தாள். வெண்ணெயில் கத்தி போன மாதிரி இருந்தது. என் முன்னால் ஒரு தாளும் கத்தியும் வந்தன. கத்தியைக் கையில் எடுத்தேன். கண்ணாடிப் பெட்டி, பெயர் அட்டை, பின்னறைக் கதவு வழியாக எட்டிப் பார்க்கும் முகங்கள், எல்லாம் அந்த மூலையில் வந்து நின்றன.

அப்போது அவள் குனிந்து தன் துணிப்பையைத் திறந்தாள். நாலு சாம்பல் அட்டைகளை எடுத்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, உங்க ஸ்டென்சிலை என் பையிலேயே விட்டுட்டீங்க" என்றாள்.

நாலு அட்டை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஓட்டை. வளைந்தது, நீளம், வட்டம், சதுரம். அகலம் பதினொன்று, உயரம் பதினெட்டு. அளக்கவே வேண்டாம். எந்த ஓட்டையிலிருந்து விழுந்த துண்டுகளை நான் கவரில் போட்டுக்கொண்டு திரிந்தேனோ, அந்த ஓட்டைகள். மூலைக்கு மூலை இன்னொரு அட்டைத் துணுக்கை மேலே ஒட்டிச் சின்னத் தடுப்பு வைத்திருந்தாள், கத்தி போய் முட்டி நிற்கிற மாதிரி. என் கை எங்கே தாண்டும் என்று என்னைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஸ்டென்சில் வெச்சுக்கலாம், தப்பில்ல" என்றார் மாஸ்டர். நூலகர் அம்மா கோப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜை மேல் போட்டார். "இதுதான் சார் அந்தப் புகார். இதையும் ஃபைல்ல சேர்க்கணுமா? பேர்கூட இல்ல. கலை ஆர்வலராம்."

மூன்றாக மடித்து, மூலையை உள்ளே செருகிப் பூட்டிய சீட்டு. ஸ்பூன் முதுகால் இழுத்த மடிப்பு, பளபளவென்று. யாரோ படித்துவிட்டுக் கோடு பிசகாமல் திரும்ப மடித்து வைத்திருந்தார்கள். முதல் தடவை பிரித்தபோது மூலையில் கொஞ்சம் கிழிந்தும் இருந்தது.

சின்னவள் அதைப் பார்த்தாள். கை நீட்டி எடுத்தாள். மூலையை முதலில் உருவி, பிறகு பிரித்தாள். படித்தாள். அதே மடிப்பில் மடித்தாள். மூலையைத் திரும்பச் செருகி, இருந்த இடத்திலேயே வைத்தாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை.

"வெட்டுங்க அக்கா" என்றாள். "எனக்கு ரெண்டு மணிக்கு ஷிஃப்ட்."

ஸ்டென்சிலை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் மேல் கோபப்படவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். அது என் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"சார், அந்தக் கடிதாசு நான் எழுதுனது" என்றேன். "இவ மேல பொய்யா எழுதுனேன். இந்த ஸ்டென்சில் என்னோடது இல்ல, இவ எனக்காக செஞ்சது. போன வருஷ ஸ்டேஷன்ல வெட்டு வேலை பூரா இவதான். நாலாவது வரியில நான் போட்டது பொய்க் கையெழுத்து."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, என் தெரு போட்டியில் இல்லை என்றும், தள்ளுவண்டி இருக்கும் என்றும் சொன்னார். நூலகர் அம்மா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். கண்ணாடிப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் என் பெயர் அட்டை இருந்தது. அது எவ்வளவு சின்ன அட்டை என்று அன்றுதான் கவனித்தேன்.

பஸ் நிறுத்தத்தில் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என் கையில் தெருவை வைத்த பெட்டி. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோட்டை எடுத்தது தப்புதான்" என்று அவளே ஆரம்பித்தாள். "கேட்டா வேண்டாம்னு சொல்வீங்கன்னுதான் கேக்கல. நான் தனியா செய்யணும்னு ஆசைப்பட்டேன். அதுக்காக உங்களை அப்படியே விட்டுட்டுப் போகவும் மனசு வரல. ரெண்டு தடவை கொண்டு வந்தேன். கதவைத் திறக்கல நீங்க."

"உன் குப்பையில அந்தத் துண்டெல்லாம் பாத்தேன். நீ என் ஜன்னலைத்தான் வெட்டுறேன்னு நினைச்சுட்டேன்."

அவள் இப்போது திரும்பினாள். கடிதத்தைப் படித்தபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை.

"குப்பையைக் கிளறுனீங்களா?"

நான் தெருப் பெட்டியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நாங்க தின்னது, தூக்கிப் போட்டது, எல்லாத்தையும்." துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "பதினாறு படிதானே அக்கா. எப்படியும் வாசல் வரைக்கும் ஏறி வந்திருக்கீங்க. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். கூட்டத்தில் அவள் கை மட்டும் கம்பியைப் பிடித்திருப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தெருவை மேஜை மேல் வைத்து, திரைகள் எல்லாவற்றையும் பிய்த்தேன். நூற்றுப் பன்னிரண்டும். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நாலு அட்டையையும் நான் எடுத்து வந்திருந்தேன், அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வீட்டை மட்டும் புதிதாக வெட்ட உட்கார்ந்தேன். கத்தி ஒவ்வொரு மூலையிலும் போய் முட்டி நின்றது. பதினாறு ஜன்னல். ஒன்றுகூடத் தாண்டவில்லை. ஒவ்வொரு மூலையிலும் "இங்க நிறுத்துங்கக்கா" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி இருந்தது. அழுதேன். அழுதுகொண்டே மடித்தேன், ஒட்டினேன்.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும் முன் அந்த வீட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியேறினேன். என்ன பேசுவது என்று படிக்கு ஒன்றாக யோசித்துக்கொண்டே போனேன். கடைசிப் படிக்கு வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

குப்பைக்கூடை அங்கே இல்லை. அது வருஷக்கணக்காக இருந்த இடத்தில் தரையில் ஒரு வட்டத் தடம் மட்டும் இருந்தது. உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். கதவும் ஒருக்களித்து இல்லை. தாழ் போட்டிருந்தது.

ஒற்றை விரலால் இரண்டு தட்டு தட்டினேன், எப்போதும் தட்டுவது மாதிரி.

உள்ளே காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்து நின்றது.

"யாரு?" என்றாள்.

பதினோரு வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கேட்டதே இல்லை.